ஷாஃப்ட் தானாக இறங்க வேண்டும்

ஐயம்பேட்டை
16-6-2024

அன்புள்ள அக்காவுக்கு,

கலை எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மலைக் குளிர் உன் மூக்கடைப்புக்கு ஒத்துக்கொண்டதா? எடுத்துப் போன ஸ்வெட்டர் போதுமா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

நீ கன்னியர் மடத்துக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. போன் கிடையாது, கடிதம்தான், அதையும் மதர் படித்துவிட்டுத்தான் தருவார்கள் என்று தெரிந்ததிலிருந்து, நாலு முறை எழுத உட்கார்ந்து எழுதாமல் எழுந்துவிட்டேன். என் எழுத்தை யாராவது படித்தால் எனக்குக் காது சூடாகிவிடும். உனக்குத் தெரியும்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஏனாத்தூரில் ஒரு கல்லூரி, இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். பிள்ளைகள் 'மேடம்' என்று கூப்பிட்டால் என்னைத்தான் என்று புரிய ஒரு நொடி ஆகிறது.

நேற்று உன் ரிமோட் ஹெலிகாப்டர் பெட்டியைப் பிரித்தேன், நாமே மாட்ட வேண்டிய அந்தக் குட்டி ஹெலிகாப்டர். "நீ மாட்டி வை" என்று சொல்லிவிட்டுப் போனாயே. ஒரகடம் கம்பெனியில் நாலு வருடம் நட்டு முடுக்கி என்னைப் படிக்கவைத்த உன் கை, உனக்கென்று வாங்கிய பெட்டியை மட்டும் இரண்டு வருடம் திறக்கவில்லை. உள்ளே இரண்டு கறுப்பு கார்பன் தகடு, பொட்டலம் பொட்டலமாக ஸ்க்ரூ. பறக்கப் போகிற பொருள் மாதிரியே இல்லை. முதலில் சட்டத்தை மாட்ட வேண்டும் என்று படம் போட்டிருக்கிறது. எங்கே தொடங்குவது?

அப்பா, நீ கிளம்பிய காலையில் வழக்கம்போல ஷேர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனாரே, அடுத்த வாரம் கருடசேவை அன்று எடுக்கவில்லை. ஊரே ஆட்டோவுக்கு அடித்துக்கொண்ட நாளில் வீட்டில் படுத்திருந்தார்.

பங்குச் சாமியார் அம்மாவிடம் சொன்னாராம்: ஒரு வருடம் பயிற்சி, மே மாதம்தான் துறவுக்கு உறுதி கொடுக்கும் வார்த்தைப்பாடு, அதற்குள் மனசு மாறினால் யாரும் திரும்பி வரலாம் என்று. அம்மா அதை அப்பாவிடம் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

உன்
கலை


ஏற்காடு
20-7-2024

அன்புத் தங்கைக்கு,

இயேசுவுக்குப் புகழ். உன் கடிதம் கிடைத்தது. நான் நலம், மூக்கும் நலம். இங்கே மாதம் ஒரு கடிதம், ஒரு தாள்தான்.

காலை ஐந்துக்கு எழுகிறோம். ஜெபம், வகுப்பு, தோட்டம். வந்த மறுவாரமே தண்ணீர் மோட்டார் நின்றுபோனது. பிரித்துச் சரி செய்தேன். "ஆண்டவர் பார்த்து ஃபிட்டரை அனுப்பியிருக்கிறார்" என்று மதர் சிரித்தார்கள்.

நீ மேடம் ஆனதை நான்கு பேரிடம் சொல்லிவிட்டேன்.

கார்பன் தகட்டை அப்படியே மாட்டாதே. ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். ஒயரை அறுக்கும், உன் விரலையும் அறுக்கும். 600 நம்பர் உப்புத்தாள் வாங்கி, தகட்டை வாளித் தண்ணீருக்குள் முக்கி வைத்துத் தேய். வெளியே வைத்துத் தேய்த்தால் தூள் மூச்சுக்குள் போய்விடும். ஓரங்களை மட்டும். துளைகளைத் தொடாதே. அடுத்தது அடுத்த கடிதத்தில்.

அப்பா ஏன் வண்டி எடுக்கவில்லை? உடம்பா?

இயேசுவின் அன்பில்,
ஜெயசீலி


ஐயம்பேட்டை
4-8-2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்தைக் கடிதத்தின் கையெழுத்திலேயே பார்த்துக்கொண்டோம். கோடு போட்ட தாள் இல்லாமலே நேராக எழுதியிருக்கிறாய்.

அப்பாவுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்று சாப்பிட உட்கார்ந்தவர், தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "இன்னாமா எழுதியிருக்குது?" மற்றதையெல்லாம் மடித்துப் பிடித்துக்கொண்டேன். உப்புத்தாள் பகுதியை மட்டும் படித்தேன்.

"தண்ணிக்குள்ள வச்சா?"

"ஆமாம்பா. இல்லாங்காட்டி தூள் மூச்சுல போயிடுமாம்."

"ம். வெவரமாத்தான் சொல்லுது."

மறுநாள் காலை பெட்டிமேல் நாலு உப்புத்தாள் இருந்தது. எல்லாம் 600 நம்பர்.

இரண்டு ஞாயிறு தேய்த்தேன். அம்மா வாசலில் நின்று பார்த்தாள். "பாத்திரம் தேய்டீன்னா கையைத் தூக்கிக்கினு ஓடுவ. இந்த ரெண்டு தகட்டுக்கு இன்னா சீரு, இன்னா குளியலு!" இப்போது ஓரம் சோப்பு மாதிரி வழுவழுவென்று இருக்கிறது. அம்மா தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

இனி என்ன செய்ய? நடுவில் துளையுள்ள மூன்று பேரிங் கட்டை இருக்கிறது. இரண்டு தகட்டுக்கும் நடுவில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்போல.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
கலை


ஏற்காடு
31-8-2024

அன்புத் தங்கைக்கு,

ஆண்டவர் துணை. நான் நலம். மழை பிடித்துக்கொண்டது. துணி மூன்று நாளாகக் காய்கிறது.

உப்புத்தாள் அப்பா வாங்கியதா?

இப்போது கவனமாகக் கேள். மூன்று பேரிங் கட்டைகளையும் ஒரு பக்கத் தகட்டில் வைத்து ஸ்க்ரூ போடு. அதன்மேல் அடுத்த தகட்டை வைத்துப் போடு. எதையும் முடுக்காதே. விரலால் திருகி நிற்கும் இடத்தில் விட்டுவிடு. எல்லாம் லொடலொடவென்று ஆட வேண்டும். பிறகு நடு ஷாஃப்டை, அந்த நீளத் தண்டை, மேலிருந்து விடு. மூன்று பேரிங்கும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் ஷாஃப்ட் தன் எடையிலேயே வழுக்கி இறங்கும். நீ தள்ளித்தான் இறங்குகிறது என்றால் எங்கோ கோணல். முதலிலேயே முடுக்கிவிட்டால் அந்தக் கோணல் அப்படியே நின்றுவிடும்.

இறங்கியதும் அப்படியே தளர்வாக விட்டு வை. முடுக்குவது எப்படி என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அம்மாவின் தோள்வலி எப்படி? அப்பா காலையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறாரா?

ஜெயசீலி


ஐயம்பேட்டை
22-9-2024

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பெல்லாம் எல்லோருக்கும் சரிதான். மனசுதான் ஒரு வாரமாகச் சரியில்லை. நடந்ததைச் சொல்கிறேன், கோபப்படாதே.

நீ சொன்னபடியே போட்டேன். லொடலொடவென்று ஆடியது. ஷாஃப்ட் இறங்கிய சத்தம் கேட்டு எனக்குப் புல்லரித்தது. ஜன்னலோரம் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்தால் ஷாஃப்ட் இறங்கவில்லை. இரண்டு கையால் அழுத்தினாலும் நடுக் கட்டையில் இறுகி நிற்கிறது.

அப்பா தினமும் காலையில் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு நட்டாக ஸ்பேனர் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாரே. அன்றைக்கு வீட்டுக்குள் வந்து இதையும் பார்த்திருக்கிறார்.

"எல்லா ஸ்க்ரூவும் ஆடிக்கினு இருந்துதும்மா. நான்தான் டைட் பண்ணி வச்சேன்."

"அது ஆடிக்கினுதான் இருக்கணும்பா! அக்கா சொல்லியிருக்குது."

"லூசா வுடச் சொல்லுச்சா? ஆட்டோல ஒரு நட்டு லூசானாலே பின்னாடி இருக்கற பத்து பேரு உசுரு போயிடும். இது வானத்துல போற வண்டி!"

"ஸ்க்ரூ கழலாம ஒட்டற நீலப் பசையும் போட்டியா?"

"பெட்டியிலதான இருந்துச்சு. அப்புறம் எதுக்குக் குடுத்துருக்கான்?"

அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "பெத்த பொண்ணு எப்டி இருக்குதுன்னு கேக்க வாயி வர்ல. அது பொட்டியில இருக்கற ஸ்க்ரூவை மட்டும் முடுக்கத் தெரியுது."

அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் வந்தார்.

பசை காய்ந்துவிட்டது. இனிக் கழற்ற முடியுமா?

கலை


ஏற்காடு
19-10-2024

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் கடிதத்தை உணவறையில் படித்தேன். அங்கே பேசக் கூடாது. சிரிக்கவும் கூடாது. சிரித்துவிட்டு, மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டேன். எழுந்தபோது ஏனோ கண்ணில் தண்ணீர். பக்கத்தில் இருந்தவள் சிரிப்பினால் என்று நினைத்திருப்பாள்.

அப்பாவைத் திட்டாதே. அவர் செய்தது அவருக்குத் தெரிந்த வழி.

கழற்றலாம். ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, முனையை ஸ்க்ரூவின் தலையில் வை. இருபது எண்ணு. பசை இளகும். உடனே ஆறுமூலை ஆலன் கீயை நேராக அழுத்தித் திருப்பு. சாய்ந்தால் தலைக்குள் இருக்கும் ஆறு மூலையும் வழித்துக்கொள்ளும். ஒவ்வொன்றாகச் செய். கார்பனில் சூடு படாமல் பார்த்துக்கொள்.

திரும்ப மாட்டும்போது கண்ணாடிப் பலகை மேல் வைத்து, குறுக்குக் குறுக்காகக் கால் சுற்றுதான் முடுக்க வேண்டும். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் ஷாஃப்டை விட்டுப் பார். பசை இப்போது வேண்டாம்.

அப்பா என்னைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லையா என்று நான் கேட்கவில்லை.

உன் அக்கா


ஐயம்பேட்டை
8-12-2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். கிறிஸ்துமஸ் வாழ்த்து முன்கூட்டியே. தாமதமாக எழுதுவதற்கு மழைதான் காரணம், போன வாரம் புயல் வேறு.

கல்லூரியிலிருந்து சால்டரிங் அயர்ன் கேட்டு வாங்கி வந்தேன். எல்லாம் கழன்றது, ஒன்றைத் தவிர. அதன் மூலைகளை நான்தான் வழித்துவிட்டேன். அப்பா சட்டத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஒலிமுகமதுபேட்டை சபாபதி அண்ணன் பட்டறைக்குப் போனார். அவர் பார்த்துவிட்டு, "இன்னா ராஜவேலு, ஆட்டோவ வித்துட்டு ஹெலிகாப்டரா ஓட்டப் போற? வாலாஜாபாத்துக்கு எவ்ளோ டிக்கெட்டு?" என்றாராம். அப்பா, "எம் பொண்ணுது" என்று மட்டும் சொன்னாராம். எந்தப் பொண்ணு என்று சொல்லவில்லை. சபாபதி அண்ணன் ஸ்க்ரூவை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

ஆனால் ஷாஃப்ட் இன்னும் சரியாக இறங்கவில்லை. கீழ்க் கட்டையில் பிடிக்கிறது. பசை போடவில்லை. இன்னும் மூன்று ஸ்க்ரூவின் தலை வழுக்குகிறது. வேறு என்ன செய்து பார்க்கலாம்? ஒவ்வொன்றாக விவரமாக எழுது. அவசரம் ஒன்றும் இல்லை.

"பாப்பா இன்னா சொல்லுச்சு?" என்று இப்போது உன் கடிதம் வந்ததும் அப்பாவே கேட்கிறார். ஸ்க்ரூ பற்றித்தான்.

கலை


ஏற்காடு
31-12-2024

அன்புள்ள கலை,

புது வருடம் நல்லதாக அமையட்டும். கிறிஸ்துமஸுக்கு நாங்கள் குடில் கட்டினோம். நட்சத்திரத்தைச் சுற்ற வைத்தேன்.

ஒன்று கேட்கிறேன். பசை போடாத ஸ்க்ரூவை ஒரு முறை கழற்றி மாட்டினால் தலை தேயாது. இரண்டு முறைக்கும் தேயாது. நான் நாலு வருடம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பசை இல்லாமல் மூன்று ஸ்க்ரூ வழுக்க வேண்டுமென்றால், குறைந்தது முப்பது முறையாவது கழற்றி மாட்டியிருக்க வேண்டும்.

எத்தனை முறை பிரித்தாய்? ஏன்?

அக்கா


ஐயம்பேட்டை
12-1-2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் விசாரித்து எழுத இன்றைக்குத் தைரியம் இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

சட்டம் நவம்பர் மூன்றாம் தேதியே முடிந்துவிட்டது. கல்லூரியில் உடைந்த மேசையின் கண்ணாடியை வாங்கி வந்து, அதன்மேல் வைத்து, நீ சொன்னபடி கால் கால் சுற்றாக முடுக்கினேன். ஷாஃப்டை விட்டேன். சர்ரென்று இறங்கியது. "முடிஞ்சிடுச்சுப்பா" என்றேன். அப்பா வந்து அவர் கையாலேயே நாலு முறை விட்டுப் பார்த்தார். நாலு முறையும் இறங்கியது. நான் தாளும் பேனாவும் எடுத்தேன்.

"இன்னாமா எழுதப் போற?"

"முடிஞ்சிதுன்னுதான்பா."

கொஞ்ச நேரம் சட்டத்தைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு, "முடிஞ்சிதுன்னு எழுதிட்டா அப்புறம் அது இன்னா எழுதும்?" என்றார். ஆலன் கீயை எடுத்து, முதல் ஸ்க்ரூவிலிருந்து கழற்ற ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். சவாரி முடித்து வந்து அவர் பிரித்து வைப்பார். நான் கல்லூரியிலிருந்து வந்து மாட்டுவேன். அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "பைத்தியம் ஒருத்தருக்குப் புடிச்சா மருந்து குடுக்கலாம். ரெண்டு பேருக்கும் புடிச்சா நான் எங்க போவேன்?" என்கிறாள். ஆனால் கழற்றிய ஸ்க்ரூக்களை உருளாமல் ஒரு கிண்ணத்தில் போட்டு வைப்பது அவள்தான்.

பொய் சொன்னதற்கு மன்னித்துக்கொள். யோசனை அப்பாவுடையது, எழுதியது நான்.

எழுத ஆரம்பித்ததால் கேட்டுவிடுகிறேன். வாயால் என்னால் கேட்டிருக்க முடியாது. நீ கிளம்பும்போது பஸ் ஜன்னலுக்குக் கீழே நின்று கேட்கத்தான் வந்தேன். "தண்ணி பாட்டில் எடுத்துக்கினியா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

திரும்பி வந்துவிடு, அக்கா. மே மாதத்துக்குள் வந்தால் யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் பரவாயில்லை. அப்பா கேட்க மாட்டார். அம்மா சாமிக்குப் பயந்து கேட்க மாட்டாள். நான் கேட்கிறேன். மதர் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும்.

உன் கலை


ஐயம்பேட்டை
2-3-2025

அக்கா,

நலமா? ஜனவரிக்கு உரிய உன் கடிதம் வரவில்லை. பிப்ரவரியிலும் வரவில்லை. புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது, ஈஸ்டர் வரை எழுத மாட்டீர்கள் என்று அம்மா சொன்னாள். அதனால் இது பதில் எதிர்பார்த்து எழுதுவதில்லை.

அப்பா மத்தியானம் சவாரியை விட்டுவிட்டு, தபால்காரர் தெருவைத் தாண்டும் வரை வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். தினமும். வண்டி இவ்வளவு பளபளப்பாக என்றைக்கும் இருந்ததில்லை.

நான் கேட்டது தப்பா?

கலை


ஏற்காடு
27-4-2025

என் கலைக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்கள் மூன்று பேருக்கும். நான் நலமாக இருக்கிறேன். இன்று இரண்டு தாள் தந்தார்கள். நான் கேட்கவில்லை.

நீ கேட்டது தப்பு இல்லை. உன் கடிதத்தை மதர் மடித்துக் கொடுத்து, "பதிலுக்கு அவசரம் இல்லை" என்று மட்டும் சொன்னார்கள். அன்று ராத்திரியே 'வருகிறேன்' என்று எழுதினேன். காலையில் கிழித்தேன். 'வர மாட்டேன்' என்று எழுதினேன். அதையும் கிழித்தேன். பிப்ரவரியில் ஒரு நாள் பையை எடுத்துக் கட்டில்மேல் வைத்து, துணிகளைக்கூட அடுக்கிவிட்டேன். யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் கிளம்பியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

உன்னைப்போல நானும் ஒரு பொய் சொன்னேன். சட்டம் மாட்டுவதை முதல் கடிதத்திலேயே அரைப் பக்கத்தில் முழுதாக எழுதியிருக்கலாம். உப்புத்தாளை ஒரு கடிதம், ஷாஃப்டை ஒரு கடிதம், முடுக்குவதை ஒரு கடிதம் என்று தெரிந்தேதான் நீட்டினேன். தளர்வாக விட்டு வை என்று எழுதி, முடுக்கும் முறையை எழுதாமல் நிறுத்தியது நான்தான். அப்பா முடுக்கியது அவர் தப்பு இல்லை என்று சொல்.

நான் இங்கேயே இருக்கிறேன், கலை.

ஏன் என்று எழுதத் தெரியவில்லை. காலையில் கண் திறக்கும்போது, இங்கேதான் எழ வேண்டும் என்று இருக்கிறது. உங்களை நினைத்து அழுதுவிட்டுத் தூங்கி எழுந்த நாட்களிலும் அப்படித்தான் இருந்தது. அது மாறும் என்று மூன்று மாதம் காத்திருந்து பார்த்தேன். மாறவில்லை.

மே 24, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வார்த்தைப்பாடு. பெற்றவர்கள் பெண்ணின் கையை இரண்டு பக்கமும் பிடித்து, கோவில் வாசலிலிருந்து பீடம் வரை அழைத்துப்போய் விடுவது இங்கே வழக்கம். அப்பா எந்தக் கோவிலிலும் வாசலோடு நின்றுவிடுகிறவர். கட்டாயப்படுத்தாதே. அம்மாவின் ஒரு கை போதும்.

ஆனால் அவரிடம் படித்துக் காட்டு. இந்த முறை எல்லாவற்றையும் படி.

உன் அக்கா


ஐயம்பேட்டை
1-6-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் ஊர் வந்து சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. அம்மாவுக்கு மலை வளைவில் வந்த வாந்தி சேலத்தோடு நின்றுவிட்டது. நீ கொடுத்த மிளகை அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்துவிட்டாள்.

நீ முன்னால் பார்த்து நடந்ததால் உனக்குத் தெரியாதவற்றைச் சொல்கிறேன். நான் பின்னால் வந்தேன்.

அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றினார். நீ கையை நீட்டியதும் பிடித்துக்கொண்டார். நடக்கும்போது உன் நடைக்கு அவர் வரவில்லை, அவர் நடைக்கு நீ மெதுவாகிவிட்டாய். பீடத்துக்குக் கீழே அம்மா உடனே கையை விட்டுக் கும்பிட்டாள். அப்பா விடவில்லை. சாமியார் காத்திருந்தார். பாட்டு முடிந்து, மறுபடியும் முதலிலிருந்து பாடினார்கள். நீ அவர் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டதை நான் பார்த்தேன். சுண்டு விரலை எடுக்க உனக்கு நேரம் ஆனது.

சேலம் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது அப்பா, நான் கேட்காமலே சொன்னார்: "நான் வுடலம்மா. அதுதான் வுட்டுது." கொஞ்சம் பொறுத்து, "நல்லா கெட்டியாத்தான் இருக்குது கை. வேலை செய்யிற கை" என்றார். டீ ஆறிப்போனது.

வீட்டுக்கு வந்து சட்டத்தை மாட்டினேன். அவர் இப்போது பிரிப்பதில்லை. அடுத்து வால் குழாய். படம் பார்த்து நானே போட்டுக்கொள்வேன்.

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பேசலாம் என்று இன்றைக்கு நீ கூப்பிட்டாயே, எட்டு நிமிடம். அம்மா ஆறு நிமிடம் பேசினாள். அப்பா, "சாப்டியாமா?" என்று கேட்டுவிட்டு என்னிடம் கொடுத்தார். நீ, "எப்படி இருக்கே கலை?" என்றாய். நான், "ம்" என்றேன். நீ, "வேலை?" என்றாய். அதற்கும் "ம்" என்றேன். அப்புறம் கோவில் மணி அடித்து நீ வைத்துவிட்டாய்.

போனில் எனக்கு வேறு வராது. அதனால்தான் இப்போதே எழுத உட்கார்ந்தேன்.

நான் நன்றாக இருக்கிறேன், அக்கா. நீ பீடத்திலிருந்து திரும்பியபோது உன் முகத்தைப் பார்த்தேன். உன்னைத் திரும்பி வா என்று இனிக் கேட்க மாட்டேன். நாம் இரண்டு பேரும் படுத்த பாய் முழுக்க இப்போது எனக்குத்தான். இருந்தாலும் இன்னும் சுவரோரம் ஒண்டித்தான் படுக்கிறேன்.

கலை